ஊரான் வீட்டு நெய்யும் ஓசி பாயிண்ட்டும்

நம்மூர்ல இருந்து அமெரிக்காவுக்குப் பொட்டி தட்ட வந்த மக்கள் நாலு பேர் ஒரு வீட்ல கூடினா, பேச்சு கடைசியில மூணு விஷயத்துல தான் போய் நிக்கும். ஒண்ணு விசா. ரெண்டு செகண்ட் ஹேண்ட் கார். மூணு கிரெடிட் கார்டு பாயிண்ட். முதல் ரெண்டைப் பத்தி ஆளாளுக்கு எழுதித் தள்ளிட்டாங்க. அதனால இந்தப் பதிவு மூணாவதுக்கு.

சாதாரணமா கார்டு தேய்ச்சு, சாமான் வாங்கி, பாயிண்ட் சேர்த்து, ஊருக்கு டிக்கெட் போடறதைப் பத்தி நான் பேச வரல. அது எல்லாரும் செய்யறது, நானும் செய்யறேன். நான் சொல்ல வர்றது அதுக்கு அடுத்த லெவல். ஒண்ணுமே வாங்காம பாயிண்ட் சேர்க்கற வித்தை. இங்க இதுக்குப் பேரே இருக்கு, மேனுஃபாக்சர்ட் ஸ்பெண்டிங். தமிழ்ல 'செலவு உற்பத்தி'ன்னு சொல்லிக்கலாம் :-)

தெரியாதவங்களுக்காக செய்முறை விளக்கம்:

1. மளிகைக் கடைக்குப் போய், 500 டாலர் மதிப்புள்ள ப்ரீபெய்ட் கிஃப்ட் கார்டு ஒண்ணை கிரெடிட் கார்டு தேய்ச்சு வாங்கணும். அதுக்கு மேல் கட்டணம் 5.95 டாலர்னு வெச்சுக்குவோம்.

2. அந்த கிஃப்ட் கார்டுக்கு பின் நம்பர் உண்டு. அதை டெபிட் கார்டு மாதிரி நீட்டி, இன்னொரு கடையில மணி ஆர்டர் வாங்கணும். கமிஷன் ஒரு டாலர்னு வைங்க.

3. மணி ஆர்டரை நம்ம பேங்க் அக்கவுண்ட்ல போடணும்.

4. அந்தப் பணத்தை வெச்சே கிரெடிட் கார்டு பில்லைக் கட்டணும்.

அவ்ளோதான். பணம் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வீட்டுக்கே வந்தாச்சு. நடுவுல ஒரு வெங்காயம் கூட வாங்கல. ஆனா கிரெடிட் கார்டு கம்பெனி கணக்குல நீங்க 505.95 டாலருக்கு மளிகை வாங்கியிருக்கீங்க. மளிகைக்கு 5 சதவீதம் திருப்பித் தர்ற கார்டா இருந்தா 25.30 டாலர் வரும். செலவு 6.95 போக, மிச்சம் 18.35 டாலர். இதே 2 சதவீதக் கார்டுன்னா மிச்சம் 3.17 தான். ஒன்றரை சதவீதம்னா 64 சென்ட். வண்டிக்குப் பெட்ரோல் போட்ட காசுக்குக் கூடக் காணாது.

இதை நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. இதுக்குப் பெரிய வரலாறே இருக்கு. 2008ல அமெரிக்க நாணயச் சாலை, ஒரு டாலர் நாணயம் புழக்கத்துக்கு வரணும்னு ஆசைப்பட்டு, முக மதிப்புக்கே நாணயங்களை வீட்டுக்கு அனுப்பற திட்டம் ஒண்ணு கொண்டு வந்தாங்க. தபால் செலவும் அவங்களோடது. கிரெடிட் கார்டும் வாங்கிக்கிட்டாங்க. கேக்கணுமா? பெட்டி பெட்டியா வாங்கினாங்க, பிரிக்காம அப்படியே பேங்குல கொண்டு போய்க் கொட்டினாங்க, பில்லைக் கட்டினாங்க, மைல்ஸை எடுத்துக்கிட்டாங்க. விஷயம் வெளியில வந்து, 2011 ஜூலையில கார்டு வாங்கறதையே நிறுத்திட்டாங்க. அந்தத் தபால் செலவு யார் காசு? வரி கட்டற பொதுஜனம் காசு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வருது.

அடுத்து ப்ரீபெய்ட் காலம். 2012 அக்டோபர்ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் வால்மார்ட்டும் சேர்ந்து புளூபேர்டுன்னு ஒரு கார்டு விட்டாங்க. பேங்க் அக்கவுண்ட் இல்லாதவங்க, பேங்க் கட்டணம் கட்டி நொந்து போனவங்க, இவங்களுக்காகன்னு சொல்லித்தான் விட்டாங்க. மாசக் கட்டணம் கிடையாது, பில் கட்டலாம். நம்ம பாயிண்ட் பிரியர்கள் சும்மா இருப்பாங்களா? கிரெடிட் கார்டுல ரீலோடு கார்டு வாங்கி, அதை புளூபேர்டுல ஏத்தி, அதுல இருந்தே கிரெடிட் கார்டு பில் கட்டினாங்க. 2016 ஜனவரியில அந்தக் கம்பெனி இப்படிப்பட்ட கணக்குகளை மொத்தமா இழுத்து மூடிடுச்சு.

இந்த ஆட்டத்தோட உச்சம்னா அனிகீவ் வழக்கு தான். மனுஷன் இயற்பியல் விஞ்ஞானி. அவரும் மனைவியும் 2013, 2014 ரெண்டு வருஷத்துல 64 லட்சம் டாலருக்கு மேல கிஃப்ட் கார்டு, மணி ஆர்டர், ரீலோடுன்னு கிரெடிட் கார்டுல வாங்கித் தள்ளியிருக்காங்க. கிடைச்ச வெகுமதி 3 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு மேல! நாம எல்லாம் ராத்திரி பகலா ஆணி புடுங்கியும் பார்க்காத காசு. வருமான வரித்துறை விடுமா, விஷயம் வரி நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2021ல வரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னுச்சு: கிஃப்ட் கார்டுங்கறது ஒரு பொருள், பொருள் வாங்கினதுக்கு வர்ற தள்ளுபடி வருமானம் ஆகாது, அதனால வரி இல்லை. ஆனா நேரடியா மணி ஆர்டர் வாங்கினதுக்கும், டெபிட் கார்டுல பணம் ஏத்தினதுக்கும் வந்த வெகுமதி வருமானம் தான், அதுக்கு வரி உண்டு.

ஆக, ப்ரீபெய்ட் கார்டு வாங்கி பாயிண்ட் சேர்க்கறது மட்டும் திருட்டு இல்ல, சட்ட விரோதம் இல்ல. அதை முதல்லயே ஒத்துக்கறேன். என் சண்டை வேற இடத்துல.

இதைச் செய்யற யாரைக் கேட்டாலும் ஒரே டயலாக் தான். "பேங்க்காரன் நம்மள எவ்ளோ ஏமாத்தறான், நாம கொஞ்சம் ஏமாத்தினா என்ன மச்சி?" கேக்க நல்லா தான் இருக்கு. பெரியவன்கிட்ட புடுங்கி சின்னவனுக்குக் கொடுக்கற ஹீரோ கதை மாதிரி. ஆனா கணக்கைப் போட்டுப் பார்த்தா கதை தலைகீழா இருக்கு.

கார்டு தேய்க்கும் போதெல்லாம் கடைக்காரர் சுமார் 2 சதவீதம் அளவுக்குக் கட்டணம் கட்டறார். அவர் அதைக் கைக்காசுல இருந்தா போடுவார்? விலையில ஏத்திடுவார். அந்த விலை கார்டு காட்டறவனுக்கும் ஒண்ணு தான், ரொக்கம் எண்ணிக் கொடுக்கறவனுக்கும் ஒண்ணு தான். கார்டு வெச்சிருக்கறவனுக்கு அதுல ஒரு பங்கு பாயிண்ட்டா திரும்பி வருது. ரொக்கம் கொடுத்தவனுக்கு ரசீது மட்டும் தான்.

இது என் கற்பனை இல்ல. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியோட பொருளாதார நிபுணர்கள் 2010ல இதைக் கணக்கு போட்டாங்க. ரொக்கம் கொடுத்து வாங்கற ஒரு குடும்பம் சராசரியா வருஷத்துக்கு 149 டாலரை கார்டுக்காரங்களுக்குத் தாரை வார்க்குது. கார்டு குடும்பத்துக்குச் சராசரியா வர்றது வருஷத்துக்கு 1,133 டாலர். வருமானத்தை வெச்சுப் பார்த்தா, வருஷம் 20,000 டாலருக்குக் கீழ சம்பாதிக்கற குடும்பம் 21 டாலர் கொடுக்குது, 1,50,000க்கு மேல சம்பாதிக்கற குடும்பம் 750 டாலர் வாங்கிக்குது.

சரி, கடைக்காரர் கட்டற கட்டணத்தை விட அதிகமா 5 சதவீதம் கொடுத்தா, அந்த மிச்சம் பேங்குக்கு நஷ்டம் தானேன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. உங்க ஒருத்தர் கணக்குல நஷ்டம் தான். ஆனா பேங்க் ஒருத்தரை வெச்சுக் கடை நடத்தல. பில்லை முழுசா கட்ட முடியாம, 20 சதவீதத்துக்கு மேல வட்டி கட்டறாங்க பாருங்க, அவங்ககிட்ட இருந்து எடுத்துடும். 2023ல ஃபெடரல் ரிசர்வோட ஆய்வுத்தாள் வரிசையில வந்த ஒரு ஆய்வு இதைத் தான் சொல்லுது. கார்டை சாமர்த்தியமா பயன்படுத்தறவங்க சம்பாதிக்கறது, விவரம் பத்தாதவங்க தலையில. இப்படிக் கை மாறறது வருஷத்துக்கு 1,500 கோடி டாலர். ஏழை ஏரியாவுல இருந்து பணக்கார ஏரியாவுக்கு.

பேங்க் ஏமாறவே இல்லைங்க. அது நடுவுல நின்னு பந்தி பரிமாறுது. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே'ன்னு பாட்டி சொல்லுவாங்களே, அது தான் இது. நெய் யாரோடதுன்னு மட்டும் நாம பார்க்கறதே இல்ல.

இதுல ப்ரீபெய்ட் கார்டு தான் ரொம்ப வேதனையான பகுதி. 2023 கணக்குப்படி அமெரிக்காவுல சுமார் 56 லட்சம் குடும்பங்களுக்கு பேங்க் அக்கவுண்ட்டே கிடையாது. மணி ஆர்டர்ல வாடகை கட்டறதும், ப்ரீபெய்ட் கார்டுல போன் பில் கட்டறதும் இவங்களுக்கு விளையாட்டு இல்ல, வாழ்க்கை. நாம அதே கவுன்டர்ல, அதே வரிசையில, பத்து கார்டோட நின்னு மைல்ஸ் அடிச்சுக்கிட்டு இருக்கோம். அவங்க கொடுக்கற ஒரு டாலர் கமிஷன் வயித்துல அடிக்கற காசு. நமக்கு அது 'முதலீடு'.

இனி ஆபத்துக்கு வருவோம். என் பழைய ரூம்மேட் ஒருத்தன் இதுல கில்லாடி. மறுக்க முடியாது, பாயிண்ட்லயே அப்பா அம்மாவைச் சென்னையில இருந்து கூட்டிட்டு வந்து நயாகரா காட்டினான். அந்த அம்மாவோட சந்தோஷத்தை நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். ஆறு மாசம் கழிச்சு அவன் பேங்க்ல இருந்து ஒரு கடுதாசி. உங்க கணக்கை முடிக்கிறோம், நன்றி. காரணம் கிடையாது, கேட்டாலும் சொல்லல. சம்பளம் வர்ற அக்கவுண்ட் அது. கையில கட்டாத பில் மட்டும் 9,000 டாலர். ஒரு மாசம் பய தூங்கல.

காரணம் ஏன் சொல்ல மாட்டாங்கன்னா, சட்டம் அப்படி. 500, 1000னு வரிசையா மணி ஆர்டர் வந்து விழுந்து, உடனே வெளிய போனா, அது கறுப்புப் பணத்தை வெளுக்கற மாதிரியே தான் இருக்கும். பேங்க் சந்தேக அறிக்கை அனுப்பலாம். அனுப்பினதை வாடிக்கையாளர்கிட்ட சொல்லக் கூடாது. இன்னொண்ணும் இருக்கு. 10,000 டாலருக்கு மேல ரொக்கம் போட்டா பேங்க் அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லணும். "அப்போ பிரிச்சுப் பிரிச்சுப் போட்டுடலாம்"னு யாராவது யோசனை சொன்னா ஓடிடுங்க. அந்தத் தகவல் போகக் கூடாதுன்னே பிரிச்சுப் போடறது தனிக் குற்றம். பணம் நேர்மையான பணமா இருந்தாலும் குற்றம் தான். அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள இருக்கலாம். பச்சை அட்டை உள்ளவனுக்கே இது பெரிய தலைவலி. எச்1பியில இருக்கறவனுக்கு இப்படி ஒரு வழக்கு வந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

இது போதாதுன்னு, கடையில தொங்கற கிஃப்ட் கார்டைத் திருடர்கள் முன்னாடியே பிரிச்சு, நம்பரைக் குறிச்சுக்கிட்டு, திரும்ப ஒட்டி மாட்டற கூத்தும் நடக்குது. நீங்க 500 டாலர் கட்டி உயிர் கொடுத்த கார்டு, வீட்டுக்கு வர்றதுக்குள்ள காலி. 18 டாலர் சம்பாதிக்கப் போய் 500 போச்சுன்னா, அதை ஈடுகட்ட இன்னும் 27 தடவை சுத்தணும்.

"சரிடா புத்தரே, நான் ஒருத்தன் நிறுத்தினா விலை குறைஞ்சுடுமா?" குறையாது. சத்தியமா குறையாது. கார்டையே தூக்கிப் போடுங்கன்னும் நான் சொல்லல. வேண்டியதை வாங்குங்க, வர்ற பாயிண்ட்டை எடுத்துக்குங்க, பில்லை முழுசா கட்டுங்க. அதுலயும் ரொக்கக்காரன் பங்கு கொஞ்சம் இருக்கு தான். ஆனா அங்க ஒரு பொருள் கை மாறுது, ஒரு கடை ஓடுது. கிஃப்ட் கார்டு சுத்தல்ல எதுவுமே நடக்கல. அடுத்தவன் பாக்கெட்ல இருந்து எடுக்கற வேலை மட்டும் தான் நடக்குது. நீதிமன்றம் கிஃப்ட் கார்டைப் பொருள்னு சொல்லிடுச்சு, சரி. வரிக்கு அந்தக் கோடு போதும். எனக்குப் போதல. நான் போட்டுக்கிட்ட கோடு இது தான்: இந்தப் பாயிண்ட் இல்லைன்னாலும் நான் இதை வாங்கியிருப்பேனா? ஆமான்னா தேய்க்கலாம். இல்லைன்னா கார்டு பர்ஸுக்குள்ளயே இருக்கட்டும்.

நம்ம படிப்பும் மூளையும் எதுக்கோ வந்தது. அதை சனிக்கிழமை சாயந்தரம் மணி ஆர்டர் கவுன்டர்ல நின்னு செலவழிக்கறது, அதுவும் நம்மை விட இல்லாதவன் காசுக்காக, கொஞ்சம் கேவலமா தான் படுது.

டிஸ்கி: நான் வக்கீலும் இல்ல, ஆடிட்டரும் இல்ல. வரி சந்தேகத்துக்கு அவங்களைப் பாருங்க. "அந்த 5 சதவீதக் கார்டு எதுன்னு மட்டும் சொல்லிடு"ன்னு தனி மெயில் அனுப்பப் போற நல்ல உள்ளங்களுக்கு, சொல்ல மாட்டேன் :-)