பழைய ஒயரிங்கைப் பிடுங்கிப் போடும் முன்

போன தை மாதம், வல்லத்தில் ஒரு களத்தோரம் நின்ற பழைய மாஸி 1035 டிராக்டரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அறுவடை நேரம். நெல் மூட்டைகளைச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும்; ராத்திரியே கிளம்பினால்தான் வரிசையில் முன்னால் நிற்க முடியும். ஹெட்லைட் மங்கல். ஹாரன் அழுத்தினால் அந்த மங்கலும் படுத்துவிடுகிறது. டிரெய்லரின் பின் விளக்கு எரிந்து இரண்டு வருஷமாம். வண்டிக்காரப் பெரியவர் முடிவோடுதான் இருந்தார்: "தம்பி, எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டுப் புதுசா இழுத்துடு. எலி தின்ன ஒயரு, இனிமே எதுக்கு?"

இப்படிக் கேட்காத வாடிக்கையாளர் நம் யாருக்கும் வாய்த்ததில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுக் கடையில் ஒரு ரெடிமேட் ஒயரிங் கிட் வாங்கி மாட்டிவிடுவதும் சுலபம். நான் மீட்டரை எடுத்தேன்.

விளக்கு எரியும்போது பேட்டரி முனையில் 12.4 வோல்ட். பல்பின் இரண்டு முனைக்கும் நடுவே 10.6. மீதி 1.8 வோல்ட் வழியில் எங்கோ தங்கிவிட்டது. மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை விளக்குக் கூட்டின் எர்த்திலும் வைத்தால் 1.3 வோல்ட் காட்டியது. தொலைந்ததில் முக்கால் பங்கு, எலி தின்ன ஒயரில் தொலையவில்லை, எர்த்தில் தொலைந்திருக்கிறது. விளக்குத் தாங்கியின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் இரண்டு கோட்டிங் பெயிண்ட், அதற்கும் அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து, விளக்கிலிருந்து நேராக என்ஜின் பிளாக்குக்குக் கறுப்பு ஒயர் ஒன்று இழுத்ததும் பல்பில் 11.8 வந்தது. ஹாரன் அடித்தாலும் விளக்கு அசையவில்லை.

ஒரு வோல்ட்டில் என்ன இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. இழை பல்பில் மின்னழுத்தம் நூற்றுக்கு 10 பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 பங்கு போய்விடும். இந்த வண்டியில் 40 பங்கு போயிருந்தது. புது கிட் மாட்டியிருந்தால், அதே பெயிண்ட் அடித்த போல்ட்டில்தான் அதன் எர்த் லக்கையும் முடுக்கியிருப்போம். வெளிச்சம் அப்படியேதான் இருந்திருக்கும்.

எலி கடித்ததும் பொய்யில்லை. வண்டி நின்ற கொட்டகையில் வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்தது. எலிக்கு முன்பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்துத்தான் தீர வேண்டும். வரப்பு எலிக்கு இருளர்களைக் கூப்பிட்டு வளை வெட்டச் சொல்லும் ஊரில், பானெட்டுக்குள் குடியிருக்கும் எலியை யாரும் கண்டுகொள்வதில்லை. பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழத்துக்குள் மூன்று ஒயர் கடிபட்டிருந்தது. சேதம் அவ்வளவுதான். அந்த ஒரு முழத்தை மட்டும் வெட்டி, அதே நிறம், அதே தடிமன் ஒயர் சேர்த்தேன். கம்பெனி போட்ட ஒயரிங் அந்த டிராக்டரில் இன்னும் இருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டைப் பிளேடால் கீறித் திறந்தபோது கண்டதுதான் இந்த மாதக் கட்டுரையை எழுத வைத்தது. மேலே இன்சுலேஷன் டேப், வெயிலில் பசை உருகிக் கையில் கரியாக ஒட்டியது. அதன் கீழே வீட்டுக்கு இழுக்கும் சிவப்பு ஒயர், ஹெட்லைட்டுக்கு. அதே சிவப்பு, ஹாரனுக்கும். அதே சிவப்பு, பின் விளக்குக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், பசையில்லாத டேப் சுற்றி, பிரவுனும் நீலமும் கறுப்புமாகக் கம்பெனி ஒயர். எனக்கு முன்னால் குறைந்தது மூன்று கைகள் அங்கே வேலை செய்திருக்கின்றன. எந்த ஒயர் எங்கே போகிறது என்ற தடயத்தை ஒருவரும் விட்டுவைக்கவில்லை. டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொன்றாகத் தேடுவதிலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று. பழுது பார்க்க ஆனது அரை மணி.

நாம் பிழைக்கும் இந்தத் தொழிலில் நிறம் அலங்காரத்துக்கு வந்ததில்லை. இங்கிலாந்து லூகாஸ் மரபில் பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேராக வரும் மெயின். வெள்ளை, சாவி போட்டால் உயிர் வரும் வரி. பச்சை, சாவிக்குப் பின் ஃப்யூஸ் தாண்டியது. ஊதா, எப்போதும் உயிரோடு இருக்கும் ஃப்யூஸ் வரி, ஹாரன் அதில்தான். நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், சிவப்புக் கோடு டிம். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. தனிச் சிவப்பு பார்க்கிங், பின் விளக்கு. கறுப்பு எர்த். 1961இல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கியதிலிருந்து டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் தமிழ்நாட்டிலேயே வந்தன. அவற்றோடு இந்த நிற வழக்கமும் நம் பட்டறைகளில் ஊறிவிட்டது. அம்பாசிடரும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இங்கிலாந்து வடிவமைப்பிலிருந்து வந்தவை என்பதால் அவற்றின் ஒயரிங்கை இந்த வழக்கம் தெரிந்தவர் பாதி இருட்டிலும் படித்துவிடுவார். ரிலேயின் அடியில் இருக்கும் 30, 85, 86, 87 ஜெர்மன் வழக்கம். 30 பேட்டரி வரி, 87 விளக்குக்குப் போகும் வரி, 85, 86 காயிலின் இரு முனை. இரண்டு வழக்கமும் மனப்பாடமாக இருப்பவரைத்தான் நான் எலக்ட்ரீஷியன் என்று சொல்வேன்.

ஒரே நிறச் சுருளை வாங்கிவந்து வண்டி முழுக்க இழுப்பவர் அடுத்து வருபவரின் கண்ணைக் கட்டுகிறார். பல சமயம் அடுத்து வருவதும் அவரேதான், மூன்று வருஷம் கழித்து.

எப்போது முழுவதையும் மாற்ற வேண்டும்? பழைய ஒயரிங்கின் மேல் எனக்குக் குருட்டுப் பாசம் கிடையாது. ஒயரை விரலில் சுற்றி வளையுங்கள். உறை நொறுங்கி உதிர்ந்தால் அந்தக் கிட் முடிந்தது. முனையில் ஒரு அங்குலம் உறையை உரித்துப் பாருங்கள். தாமிரம் கறுத்திருந்தால் இன்னும் ஒரு அங்குலம். ஒரு சாண் உரித்தும் கறுப்பாகவே வந்தால் ஈரம் உள்ளே ஏறிவிட்டது. அந்த ஒயரில் லக் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. மூன்றாவதுதான் மோசமானது. கட்டுக்குள் ஒரு ஒயர் ஷார்ட் ஆகிச் சிவந்திருந்தால், பக்கத்து ஒயர்களின் உறையும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தக் கட்டை முழு நீளத்துக்கும் திறக்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுக்கவே கூடாது.

மாற்றுவது என்று முடிவானால் எதைக் கொண்டு மாற்றுகிறோம்? வீட்டு ஒயரிலும் தாமிரம்தானே என்பார்கள். தாமிரத்தில் குறையில்லை. 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.30 மில்லிமீட்டர் தடிமனில் 14 இழை; வீட்டு ஒயரிலும் அதே கணக்கு வரும். குறை உறையில். வீட்டு ஒயரின் சாதாரண பிவிசி 70 டிகிரி வெப்பத்துக்கானது. சைலன்சருக்குப் பக்கத்தில், டீசலும் கிரீஸும் படும் இடத்தில் அது இளகி, பிறகு விறைத்து, வெடித்துவிடும். வாகன ஒயருக்கென்று இந்தியத் தர நிர்ணயம் 2465 இருக்கிறது. சுருளின் மேல் அந்த எண்ணைத் தேடி வாங்குங்கள்.

ரெடிமேட் கிட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. இந்த வண்டிகளுக்கு இன்று கிடைப்பது சிறு பட்டறைகளில் கட்டிய கிட்தான். நல்லதும் உண்டு. ஆனால் வாங்கியதும் ஏதாவது ஒரு முனையை உரித்து இழைகளை எண்ணுங்கள். 14 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தால் அது 0.65 சதுர மில்லிமீட்டர்தான், ஹெட்லைட்டுக்கு ஆகாது. பிறகு ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிர முலாம் பூசிய அலுமினியம். அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழையதை அளவு வைத்து நாமே கையால் கட்டும் கிட்டுக்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை. பேட்டரியில் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். பழைய இங்கிலாந்து வடிவமைப்பு வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் ஆகவும் இருக்கலாம், கவனம். அதில் தெரியாமல் ஆல்டர்னேட்டர் மாட்டினால் அந்த நொடியே போய்விடும். ஒவ்வொரு முனையையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்து, சீட்டுக் கட்டிவிடுங்கள். பழைய கட்டை வெட்டாமல் முழுசாக உருவி, ஒரு பிளைவுட் பலகையில் அதன் வளைவுப்படியே கிடத்தி, கிளை பிரியும் இடமெல்லாம் ஆணி அடியுங்கள். புது ஒயர்களை அந்த ஆணிகளுக்கு நடுவே ஓட்டி, பசையில்லாத டேப்பைச் சுற்றினால் கிளைகள் அதே நீளத்தில், அதே இடத்தில் வந்து நிற்கும். அந்தப் பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். அதே மாடல் இன்னொன்று வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இணைப்பில் ஈயப் பற்றா, கிரிம்ப்பா என்று இந்த இதழின் வாசகர்கள் பலமுறை சண்டை போட்டிருக்கிறார்கள். என் தீர்ப்பு கிரிம்ப். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரை அந்த இடத்தில் குச்சியாக்கிவிடுகிறது. அதிர்வில், ஈயம் நின்ற இடத்தை ஒட்டியே ஒயர் ஒடிகிறது. டிராக்டரைவிட அதிர்வது எது? ஆனால் கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. லக்குக்கேற்ற கிரிம்ப்பிங் கருவியால் அழுத்தி, கையால் பலமாக இழுத்துப் பார்த்து, வராவிட்டால் மட்டுமே ஸ்லீவ் ஏற்றுங்கள்.

கம்பெனி வழியிலிருந்து விலக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. அந்தக் கால லூகாஸ் ஃப்யூஸ் பெட்டியில் பெரும்பாலும் இரண்டே ஃப்யூஸ், அதுவும் 35 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கும் மெயினுக்கும் ஃப்யூஸே கிடையாது. பிரவுன் ஒயர் எங்கேயாவது சேஸிஸில் உரசினால் பேட்டரியின் மொத்தப் பலமும் அந்த ஒயரில் இறங்கிவிடும். ஆகவே பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஒரு மெயின் ஃப்யூஸ், ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸோடு ரிலே. இந்த இரண்டையும் வீட்டுக்குள் நிறுத்திப் பார்க்கும் ஹெரால்டிலும் போடுங்கள். பழமை கெடுகிறது என்று கண்காட்சிக்காரர் யாராவது வருத்தப்பட்டால், வண்டி எரிந்துபோனால் பழமையும் சேர்ந்துதான் எரியும் என்று சொல்லுங்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல், பல்ப் ஹோல்டரில் வந்து முடியும் இடத்திலேயே ரிலேயைச் செருகலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

டிராக்டரின் விளக்கை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்கலாம். பழைய டீசல் என்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் நிற்கும்வரை அதற்குக் கரண்ட் வேண்டியதில்லை. ஒயரிங் முழுக்கச் செத்தாலும் உழும், இழுக்கும். அதனால்தான் நாள் கணக்கில், வருஷக் கணக்கில் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆனால் திண்டிவனத்திலிருந்து வல்லம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் பௌர்ணமி இரவு நின்று பாருங்கள். கிரிவலத்துக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் ஒன்றின் பின் ஒன்றாக வரும். அதே இரவில், அதே சாலையில், பின் விளக்கில்லாத டிரெய்லரில் நெல்லோ கரும்போ ஏற்றிக்கொண்டு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருக்கும். பேருந்து ஓட்டுநருக்கு அது தெரிவது கடைசி நொடியில். பெரியவரின் டிரெய்லரில் குறை, பிளக் சாக்கெட்டுக்குள் பச்சை பூத்த இரண்டு முள். சுரண்டிச் சுத்தம் செய்து, அங்கேயும் தனி எர்த் ஒயர் போட்டேன். கொக்கியையும் துருவையும் நம்பி டிரெய்லருக்கு எர்த் விடுவதை நாம் அடியோடு நிறுத்த வேண்டும்.

கடைசியாகக் கூலி. இரண்டு மணி நேரம் சோதித்து ஒரு முழம் ஒயர் மாற்றினால், ஒரு முழம் ஒயருக்கான காசைத்தான் தருகிறார்கள். மொத்த கிட்டையும் மாற்றினால் கேட்ட காசு கிடைக்கிறது. நல்ல ஒயரிங்கெல்லாம் குப்பைக்குப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். சோதனைக்குத் தனியாகக் கூலி சொல்லுங்கள். வேலையைத் தொடும் முன்பே சொல்லுங்கள். மீட்டரை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி அந்த 1.3ஐக் காட்டினால் அவருக்குப் புரியும். பெரியவருக்குப் புரிந்தது. கூலியைக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணை ஒரு பீடிக் கட்டின் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

நான் கிளம்பும் முன் அவர் வண்டியின் ஒயரிங் படத்தை ஒரு தாளில் வரைந்து, நிறம், எந்த இடத்தில் என்ன சேர்த்தேன், தேதி எல்லாம் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டூல்பாக்ஸ் மூடிக்குள் ஒட்டினேன். வாசகர்களே, இந்த மாதம் உங்கள் கைக்கு வரும் பழைய வண்டி ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு தாள் ஒட்டுங்கள். அதன் நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள். மாடல் வாரியாக அடுத்த இதழ்களில் அச்சிடுகிறோம். முதல் படமாக அந்த மாஸி 1035இன் ஒயரிங்கை இந்த இதழின் பின்னட்டை உட்பக்கத்தில் கொடுத்திருக்கிறோம்.