யூகலிப்டஸ் புதரும் கடற்கரைக் கிணறும்

தைலமரம் என்றும், நீலகிரியில் கற்பூர மரம் என்றும் வழங்கும் யூகலிப்டஸைப் பற்றி விவசாயிகளிடையே இரண்டு கட்சிகள் உண்டு. தரிசாய்க் கிடக்கும் நிலத்தைப் பணமாக்கித் தரும் மரம் என்று ஒரு சாரார் போற்றுகின்றனர். கிணற்றை வற்றச் செய்யும் மரம் என்று மற்றொரு சாரார் தூற்றுகின்றனர். இரு சாராரும் பூமிக்கு மேலே தெரிவதைக் கொண்டு பேசுகின்றனரேயன்றி, அது பூமிக்குக் கீழே வளரும் விதத்தைக் கவனிப்பவர் சிலரே. அதைக் கவனித்தால் இம்மரம் எந்த நிலத்துக்கு ஏற்றது, எந்த நிலத்துக்கு ஆகாதது என்பது எளிதில் விளங்கும். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையே மணல்மேட்டில் அமைந்து, 1859-ல் முதன்முதலாக ஏற்பட்ட கலங்கரை விளக்கத்தால் பெயர் பெற்ற லைட்ஹவுஸ் குப்பம் போன்ற கிராமங்களில், இது குடிதண்ணீரைப் பற்றிய விஷயமாகவே முடிகிறது.

வளரும் விதம்

யூகலிப்டஸ் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுக்கு உரியது. அதில் 700-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. வானளாவ வளரும் மரங்களும், ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் எழுந்து ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும் புதர்களும் அவற்றில் அடங்கும். இப்புதர்களை அந்நாட்டார் 'மாலீ' என்பர். இதன் பூ விசித்திரமானது. மொட்டின் மேல் சிமிழின் மூடிபோல ஒரு தொப்பி இருக்கும். பூ விரியுங்கால் அத்தொப்பி கழன்று விழ, உள்ளே சுருண்டிருக்கும் கேசரங்கள் வட்டமாக விரிகின்றன. விரிந்த பூவில் இதழ் இல்லை; கண்ணைக் கவரும் அழகு முழுவதும் அக்கேசரங்களுடையதே. 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்தே இதற்கு யூகலிப்டஸ் என்னும் பெயர் ஏற்பட்டது. பூவில் தேன் மிகுதி. ஆகையால் தேனீ வளர்ப்போருக்கு இது வேண்டிய செடியே.

விவசாயி கவனிக்க வேண்டிய பாகம் பூவன்று, தூர். பல இனங்களில், நாற்று இளம்பருவத்தில் இருக்கும்போதே அதன் அடியில், மண்ணை ஒட்டிக் கிழங்குபோன்ற ஒரு கட்டை உண்டாகிறது. அதில் உறங்கும் மொட்டுக்களும் சேமித்த உணவும் இருக்கின்றன. தீ எரித்தாலும், கோடரி வெட்டினாலும், அம்மொட்டுக்கள் விழித்துப் பல தளிர்களாக எழுகின்றன. கரும்பில் மறுதாம்பு விடுவதுபோல, ஒருமுறை நட்டு இரண்டு மூன்று முறை வெட்டிக்கொள்வது இதனாலேயே சாத்தியமாகிறது. மரத்தை வெட்டி வெட்டிப் புதராக வைத்துக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மேலே வெட்டுவதால் கீழே உள்ள வேர் குறைவதில்லை. ஆள் உயரமுள்ள மறுதாம்புப் புதரும் முழு மரத்தின் வேரோடுதான் நிற்கிறது.

நீர்ச் செலவு

விறகுப் பஞ்சத்தைப் போக்கும் பொருட்டு நீலகிரியில் 1843-ல் இம்மரம் கொண்டுவரப்பட்டது. அங்கே வளரும் நீல யூகலிப்டஸ் குளிர்ந்த மலைக்கே உரியது. சமவெளியில் பயிராவன டெரிட்டிகார்னிஸ், கமால்டுலென்ஸிஸ் என்னும் இனங்கள். பழவேற்காட்டுச் சுற்றுவட்டாரத்துக்கும் இம்மரம் புதிதன்று. ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு, 1969-ல் ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் வரை, யூகலிப்டஸும் சவுக்கும் பயிரான விறகுத் தோப்பாகவே இருந்தது. அத்தீவின் விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் சென்னைக்குச் சென்றது.

நீர்ச் செலவைப் பற்றிய சண்டையை இரண்டு ஆராய்ச்சிகள் தெளிவாக்கியுள்ளன. நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில், புல்வெளியாக இருந்த ஒரு நீர்ப்பிடிப்பில் பாதிக்கு மேல் நீல யூகலிப்டஸ் நடப்பட்டு, அதினின்று ஓடிவரும் நீர் 1972 முதல் அளக்கப்பட்டது. முதல் பத்தாண்டில் நீர்வரத்து நூற்றுக்குச் சுமார் 16 பங்கு குறைந்தது. வெட்டியபின் மறுதாம்பு எழுந்த இரண்டாம் பத்தாண்டில் குறைவு சுமார் 25 பங்காயிற்று. அதாவது, வெட்டப்பட்டுத் துளிர்த்த புதரே முதல் நடவைவிட அதிகமாக நீரைச் செலவழித்தது.

கர்நாடகத்தில் நடந்து 1990-களில் வெளியான ஆராய்ச்சி மற்றோர் உண்மையைக் காட்டிற்று. ஆழமற்ற மண்ணில் யூகலிப்டஸின் நீர்ச் செலவு நாட்டுக் காட்டு மரங்களின் செலவுக்கு மேற்படவில்லை. ஆனால் பெங்களூருக்கு அருகே ஹொஸகோட்டையில், ஆழமான மண்ணுள்ள நிலத்தில், வேர்கள் 26 அடிக்குச் சென்று, பெய்த மழைக்கு மேற்பட்ட நீரைப் பூமியின் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டன. ஆகவே போற்றுவோரும் தூற்றுவோரும் ஓரளவு உண்மையையே சொல்கின்றனர். வேருக்கு எட்டும் தூரத்தில் என்ன நீர் இருக்கிறது, அந்நீரை நம்பி யார் இருக்கின்றனர் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

மணல்மேட்டின் நன்னீர்

லைட்ஹவுஸ் குப்பத்தைப் போன்ற மணல்மேட்டில் இருபுறமும் உப்புநீர். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் எண்ணெய்போல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது ஹாலந்து, ஜெர்மனி தேசத்துக் கடற்கரை மணல்களில் கண்டறியப்பட்ட கணக்கு. இக்கணக்கை மறுபுறமாகப் படித்தால் அபாயம் விளங்கும். மேலே ஓர் அடி இறங்கி, அந்நிலை நீடித்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும்.

இத்தகைய இடத்தில் ஆழ வேரோடும் தோப்பை வைப்பது சேமிப்புப் பெட்டியின் சாவியை அதன் வேரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். உள்நாட்டில் வற்றிய கிணறு அடுத்த மழைக்கு ஊறும். உப்பேறிய கிணறு அவ்வளவு எளிதில் திரும்பாது. இதற்கு அத்தாட்சியைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஏரிக்குத் தெற்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்ததையும், பல கிணறுகள் பயிருக்கும் ஆகாமற் போனதையும் பொன்னேரித் தாலூகா விவசாயிகள் நன்கு அறிவர். அங்கே இறைத்தது யந்திரம். இங்கே இறைக்கப்போவது வேர். வேறு வித்தியாசமில்லை.

எங்கே நடலாம், எங்கே ஆகாது

நடவு எளிது, கால்நடை மேயாது, காகித ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன என்பவை யூகலிப்டஸுக்குச் சாதகமாகச் சொல்லப்படும் நியாயங்கள். அவை பொய்யல்ல. ஆகவே ஏரிக்கு மேற்கே, கிணறும் நஞ்சையும் அருகில் இல்லாத மேட்டுப் பட்டா நிலத்தில் நடுவோரைத் தடுக்க வேண்டியதில்லை. ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், நெல் வயலின் வரப்பு ஆகிய இடங்களில் நடுவது பயிரின் நீரை மரத்துக்குப் பங்கிடுவதாகும். வீட்டு முற்றத்தில் பூவுக்காகவும் தேனீக்காகவும் ஒரு செடியை வெட்டிப் புதராக வளர்ப்பதிலும் குற்றமில்லை. ஒரு செடி தோப்பாகாது.

கடலோர மணல்மேட்டிலோ வேறு வழிகள் உண்டு. மணலைப் பிடித்து நிறுத்த அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் போதும். காற்றைத் தடுக்கச் சவுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதுவும் நீர் குடிக்கும் மரமே; ஆயினும் உப்புக் காற்றைத் தாங்குகிறது, வேர் முடிச்சுக்களின் வாயிலாக மண்ணுக்குத் தழைச்சத்தைத் தருகிறது, வெட்டினால் யூகலிப்டஸைப்போல் எளிதில் துளிர்ப்பதில்லை. ஆதலின் வேண்டாதபோது நிறுத்திவிடலாம். அதையும் குடிநீர்க் கிணற்றுக்கு விலகியே நட வேண்டும். எல்லாவற்றிலும் பனை மேலானது. அதன் குருத்தோலையில் பெட்டி முடைவது பழவேற்காட்டுப் பெண்களுக்குக் கைவந்த தொழில். புன்னையும் அக்கரைக்கு உரிய மரமே.

ஏற்கெனவே யூகலிப்டஸ் நட்டவர்கள், வெட்டியதோடு வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. தூர்க்கட்டையைத் தோண்டி எடுத்தாலன்றி நீர்ச் செலவு நிற்காது. வெட்டி விட்டுவிடுவது முன்னிலும் அதிகமாகக் குடிக்கும் மறுதாம்பை வளர்ப்பதாகவே முடியும்.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் புறம்போக்கில் மரம் நடும் திட்டம் வரும்போது, எத்தனை கன்று என்று எண்ணுவதற்கு முன், அருகில் எத்தனை கிணறு என்று எண்ணுவது நலம். சித்திரையிலும் தை மாதத்திலும் அக்கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, நீரின் உப்பையும் பரீட்சித்துக் குறித்து வைப்பது செலவில்லாத காரியம். இரண்டு மூன்று வருஷக் குறிப்பு இருந்தால், எந்த மரம் ஊருக்கு ஏற்றது என்பதை அக்குறிப்பே சொல்லிவிடும். பட்டுப்போன தோப்பை மறுபடியும் நட்டுக்கொள்ளலாம். உப்பேறிய ஊற்றை நன்னீராக்குவது அந்தத் தலைமுறையிலேயே கூடுமென்று சொல்வதற்கில்லை.