பட்டறை இல்லாமல் வடிவமைப்புப் படிப்பா?

நம் சென்னையிலுள்ள வடிவமைப்புக் கல்லூரியின் பட்டறையைக் காலி செய்துவிட்டு அங்கே கணினிக்கூடம் அமைக்கும் முடிவில் மாற்றமில்லை என்று நிர்வாகக் குழு சென்ற வாரம் அறிவித்துவிட்டது. மாணவர்கள் கொடுத்த மனு, பழைய மாணவர்கள் எழுதிய கடிதங்கள், தொழிலதிபர்கள் சிலர் நேரில் போய்த் தெரிவித்த எதிர்ப்பு எதுவும் அவர்களை அசைக்கவில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் தச்சுப் பகுதியும் உலோகப் பகுதியும் அகற்றப்படும். பயிற்றுநர் பணியிடங்களும் அத்தோடு முடிந்துபோகும். இது தவறான முடிவு. எடுத்த விதமும் தவறு.

நிர்வாகம் மூன்று காரணங்கள் சொல்கிறது. பட்டறையில் விபத்து நேரலாம் என்பது ஒன்று. பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பலப்படுத்தினால் தீரக்கூடிய விஷயம் அது. இதற்கு மேல் அதைப் பேச வேண்டியதில்லை. தொழில்துறை கணினிக்கு மாறிவிட்டது என்பது இன்னொன்று. பயிற்றுநர்களிடம் பட்டம் இல்லை, ஆகவே விதிப்படி அவர்களை ஆசிரியர்களாக ஏற்க முடியாது என்பது மூன்றாவது. நம்மை மிகவும் வருத்துவது இந்த மூன்றாவது காரணம்தான்.

கணினி விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். கணினி வேண்டாம் என்று மாணவர்கள் யாரும் கேட்கவில்லை. ரெனோ நிறுவனம் 2025-ல் சென்னையில் ஒரு வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. இந்த ஊரில் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் கார் வடிவமைப்புக் கூடங்களில் இன்றும் களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்கிறார்கள். அதன் வளைவுகளில் வெளிச்சம் எப்படி ஓடுகிறது என்று சுற்றி வந்து பார்க்கிறார்கள், கையால் தடவிப் பார்க்கிறார்கள், சுரண்டித் திருத்துகிறார்கள். எந்த விலை கொடுத்தும் மென்பொருள் வாங்கக்கூடியவர்களே களிமண்ணைக் கைவிடவில்லை.

இனி பயிற்றுநர்கள். ஒரு மாணவி பிளாஸ்டிக் குவளை ஒன்றைத் திரையில் வரைகிறாள். சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன. படம் அழகாக இருக்கிறது. பிளாஸ்டரில் அச்சு எடுத்து வார்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. பொருள் அச்சைவிட்டு வெளியே வர மறுக்கிறது. சுவர் ஒன்றிரண்டு டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, அவளும் படித்திருக்கிறாள். ஆனால் இரண்டு நாள் உழைப்பில் செய்த அச்சை உடைத்துப் பொருளை எடுத்த பிறகு, அந்தச் சாய்வை அவள் வாழ்நாளில் மறக்கமாட்டாள். தகட்டைத் தொண்ணூறு டிகிரிக்கு மடக்கிவிட்டால் அது கொஞ்சம் விரிந்துகொள்ளும், அதற்கென்று கூடுதலாக மடக்க வேண்டும். மரத்தின் இழையோட்டத்துக்கு எதிராக இழைப்புளியை ஓட்டினால் பிசிறு எழும். எந்த இடத்தில் வெல்டிங் வைத்தால் சட்டம் கோணிப்போகும், எந்த வரிசையில் வைத்தால் நேராக நிற்கும் என்பதைப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பவர் அந்தப் பயிற்றுநர்தான். மாணவர்கள் அவரை மாஸ்டர் என்று அழைக்கிறார்கள். பேராசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியைக்கூட அவரிடம் கேட்கிறார்கள்.

வேலை கிடைப்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஓசூரிலும் கோவையிலும் கைக்கடிகாரம், இருசக்கர வாகனம், கிரைண்டர், பம்பு செய்கிற தொழிற்சாலைகள் ஒரு பட்டதாரியின் போர்ட்ஃபோலியோவைப் புரட்டும்போது பளபளப்பான கடைசிப் படத்தில் நிற்பதில்லை. இதைச் செய்து பார்த்தாயா, முதல் மாதிரி ஏன் சரிவரவில்லை, பிறகு எதை மாற்றினாய் என்று கேட்கின்றன. பட்டறையில் உழன்றவரிடம் அதற்குப் பதில் இருக்கும். அந்தப் பதிலே அவருக்கு வேலையாகிறது. வேலைக்குப் போகாமல் சொந்தமாக மரச்சாமான், விளக்கு, பொம்மை, பீங்கான் என்று சிறிய அளவில் செய்து விற்கத் தொடங்குகிறவர்களுக்கோ பட்டறைப் பழக்கம்தான் முதலீடு. தச்சரிடமும் வார்ப்புக்காரரிடமும் போய் நின்று, தனக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் மொழியில் சொல்லத் தெரியாத வடிவமைப்பாளர் முதல் ஆர்டரிலேயே நஷ்டப்படுவார்.

இதைக் கற்றுக்கொடுக்கிறவருக்குப் பட்டம் இல்லை என்கிறார்கள். ஜெய்ப்பூர் கால் என்று உலகம் முழுவதும் அறியப்பட்ட செயற்கைக் காலை நினைத்துப் பாருங்கள். 1968-ல் அதை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி, இன்னொருவர், அதிகம் பள்ளிக்கூடம் போகாத கைவினைஞர் ராம் சந்திர சர்மா. ரப்பர் எப்படி வளையும், எப்படி வேகும் என்பது கைவினைஞருக்குத் தெரிந்திருந்தது. நடக்கும் காலுக்கு என்ன தேவை என்பது மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. மூட்டு மடக்கிக் குந்தவும், வெறுங்காலோடு நடக்கவும் முடிகிற கால் அப்படித்தான் பிறந்தது. சர்மாவிடம் சான்றிதழ் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நிர்வாகக் குழுவில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டும்.

இந்த நாட்டில் வடிவமைப்புக் கல்வி தொடங்கியதே பட்டறையில்தான். வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-ல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. செய்து கற்பது அங்கே அடிப்படைக் கொள்கை. மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா 1964-ல் அங்கு வந்து, அந்தப் பட்டறையிலேயே வேலை செய்தார். ஜெர்மனியின் உல்ம் வடிவமைப்புப் பள்ளியில் படித்துத் திரும்பிய சுதாகர் நாட்கர்ணி 1969-ல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கினார். நாம் வாக்களிக்கிற மின்னணு இயந்திரத்துக்கு வடிவம் கொடுத்தவர்கள் அந்த மையத்துப் பேராசிரியர்கள்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தடுமாறாமல் பொத்தானை அழுத்துகிறார் என்றால், அதன் பின்னால் வடிவமைப்பாளரின் உழைப்பு இருக்கிறது.

சென்னைக்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளியில்தான், 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையை ஆரம்பித்தார். கல்லூரிப் பட்டறையில் பிறந்தது ஒரு தொழிலாகவே வளர்ந்து, தனி நிறுவனமாகி, நம் சமையலறைகளுக்குள் வந்துவிட்டது. அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக மதராஸில் உருவான அரசுத் தொழில் துறையை 1910-ல் லண்டனிலிருந்து வந்த ஓர் உத்தரவு முடக்கியது. பட்டறையைப் பார்த்திராத ஒரு மேசையிலிருந்து வந்த உத்தரவு அது.

இப்போதைய முடிவை எடுத்தவர்கள் முன்பு எடுத்த முடிவுகளையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரங்களை விழா எடுத்து வாங்கினார்கள். அவற்றை இயக்க ஆள் போடவில்லை, இழை வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. பழுதான லேத்தைச் சரிசெய்யக் கேட்ட கோப்பு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தபோதே அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். தொழிற்சாலைகளோடு ஒப்பந்தம் என்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு இறுதித் திட்டப்பணிக்கு மாணவர்கள் தாமாகவே அலைந்து இடம் தேடினார்கள். நுழைவுத் தேர்வில் பொருள் செய்து காட்டும் பகுதியை எடுத்தார்கள். அன்றே இந்தப் பத்தியில் எச்சரித்தோம். பட்டறைக்கு மாணவர்கள் வருவது குறைந்துவிட்டது என்று இன்று அவர்களே புள்ளிவிவரம் காட்டுகிறார்கள். பட்டறை நேரத்தைப் பாதியாகக் குறைத்தவர்கள் யார்? ஓய்வுபெற்ற பயிற்றுநர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டவர்கள் யார்? வேரில் வெந்நீர் ஊற்றிவிட்டு மரம் பட்டுப்போனது என்கிறார்கள்.

இதில் ஒரு நேர்மைக் கேள்வியும் இருக்கிறது. சேர்க்கை விளம்பரங்களில் பட்டறையின் படத்தைத்தான் போட்டார்கள். பட்டறைக் கட்டணம் என்று தனியாக வாங்கினார்கள். அதை நம்பி, நகை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் இருக்கிறார்கள். தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் கொல்லர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கல்லூரியில் படிக்கிறார்கள். அப்பாவின் கைத்தொழிலிலிருந்து படைப்பாளியின் வாழ்க்கைக்கு ஒரு வழி திறக்கும் என்று வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம், உன் அப்பாவைப் போன்றவர் இங்கே ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர் என்று ஒரு சுற்றறிக்கை சொல்கிறது. இதை எழுதிய கைகளுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும்.

கணினிக்கூடத்துக்கு வேறு இடம் இல்லாமலில்லை. பட்டறையையும் பயிற்றுநர்களையும் காப்பாற்ற வழி தேடினால் கிடைக்கும். விதி குறுக்கே நிற்கிறது என்றால் விதியைத் திருத்த அரசிடம் கேட்கலாம். மாணவர்களையும் தொழில் தெரிந்தவர்களையும் உட்காரவைத்துப் பேசினால் மற்றது தெளியும். அதற்கு மனம் வேண்டும்.

நிர்வாகக் குழு தன் அடுத்த கூட்டத்தில் இந்த முடிவை ரத்து செய்ய வேண்டும். அதுவரை அந்தப் பட்டறையிலிருந்து ஓர் இயந்திரத்தைக்கூட வெளியே எடுக்கக் கூடாது.