காய்ச்சலுக்கும் ஒரு கணக்கு உண்டு!



உங்களில் எத்தனை பேர் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்கள்? ஏரியில் படகுச் சவாரி செய்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். இன்னும் மேலே போனால் சேர்வராயன் கோயில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலான உயரம். உச்சியில் பரந்த புல்வெளி, அதில் ஒரு குகைக் கோயில். தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடிவிடும்.

வெயில் நாளில் மேட்டின் ஓரத்தில் நின்றால் கீழே ஊர்கள் தெரியும். பனி மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது. ஒரு முறை என்னுடன் வந்த மூன்றாம் வகுப்புப் பையன், "டீச்சர், ஊரைக் காணோம்!" என்று கத்தியே விட்டான். ஊர் எங்கே போகும்? அது அங்கேயேதான் இருந்தது. நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காய்ச்சல் பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பனிதான் நினைவுக்கு வரும். ஏன் என்று சொல்கிறேன்.

எண்ணுவது யார்?

மழைக்காலம் வந்தால், 'ஃப்ளூ காய்ச்சல் அதிகரிப்பு' என்று நாளிதழில் செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான மக்கள் இருக்கிறோம். எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அரசுக்கு எப்படித் தெரிகிறது?

இதற்காகவே 2004ஆம் ஆண்டு, 'ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம்' நம் நாட்டில் தொடங்கப்பட்டது. அதில் மூன்று படிவங்கள். வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர், தாம் பார்த்த காய்ச்சல்காரர்களை எழுதுவது முதல் படிவம். மருத்துவர் சோதித்துப் பார்த்து எழுதுவது இரண்டாவது. ரத்தம், சளி போன்றவற்றைப் பரிசோதித்து, 'இன்ன நோய்தான்' என்று ஆய்வகம் எழுதுவது மூன்றாவது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரக் கணக்கு. அது ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து சென்னைக்கும், பிறகு டில்லிக்கும் போகும். முன்பு காகிதத்தில் போனது, 2021 முதல் கணினி வழியாக உடனுக்குடன் போகிறது.

எல்லா இருமலும் ஃப்ளூ அல்ல. 38 டிகிரி செல்சியசுக்குக் குறையாத காய்ச்சல், அதனுடன் இருமல், அதுவும் கடந்த 10 நாட்களுக்குள் வந்தது என்றால்தான், 'ஃப்ளூ போன்ற காய்ச்சல்' என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் சேர்க்கிறது. அது உண்மையிலேயே ஃப்ளூ வைரஸ்தானா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட், 1899இல் தொடங்கப்பட்டது, இந்த வேலையைச் செய்கிறது. 2009இல் பன்றிக் காய்ச்சல் உலகம் முழுவதும் பரவியபோதும் அங்கே பரிசோதனை நடந்தது.

இந்தக் கணக்கால் என்ன பயன்?

நிறையப் பயன் உண்டு. காஷ்மீரின் ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை ஃப்ளூ அதிகம். டில்லியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அதிகம். நம் சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில், அதாவது வடகிழக்குப் பருவமழையின்போது அதிகம். பல ஆண்டுகள் பொறுமையாக எண்ணியதால்தான் இது தெரிந்தது. தடுப்பூசியை எந்த மாதம் போட வேண்டும், மருந்தை எப்போது அனுப்பி வைக்க வேண்டும் என்று இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஃப்ளூவுக்கான மருந்து, காய்ச்சல் தொடங்கி 2 நாட்களுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். தாமதமாக வரும் கணக்கால் லாபம் இல்லை.

சரி, இப்போது நீங்கள் ஒரு கணக்குப் போடுங்கள். ஓர் ஊரில் முதல் வாரம் 50 பேரைப் பரிசோதித்தார்கள், 10 பேருக்கு ஃப்ளூ. அடுத்த வாரம் 200 பேரைப் பரிசோதித்தார்கள், 20 பேருக்கு ஃப்ளூ. நோய் இரண்டு மடங்கு ஆகிவிட்டதா?

அவசரப்படாதீர்கள்! முதல் வாரம் 100க்கு 20 பேர். இரண்டாம் வாரம் 100க்கு 10 பேர்தான். பரிசோதனை நான்கு மடங்கு ஆனதால் எண்ணிக்கை கூடியது. எனவே, '20 பேருக்கு ஃப்ளூ' என்று படித்தால், 'எத்தனை பேரில்?' என்று கேட்க வேண்டும்.

2023 மார்ச் மாதம் எச்3என்2 என்ற ஃப்ளூ வைரஸ் நாடெங்கும் பரவியது. புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தமிழகத்தில் மார்ச் 10 அன்று ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடந்தது. முகாம் போட்டால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. பனி விலகி ஊர் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்த தவறு

எண்ணிக்கை கூடுவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பூஜ்யம்தான். 'இந்த ஊரில் காய்ச்சல் 0' என்றால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, உண்மையாகவே யாருக்கும் காய்ச்சல் இல்லை. இன்னொன்று, யாரும் போய்க் கேட்கவில்லை!

சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பு மலையில் ஒரு சிறிய பள்ளியில் வேலை பார்த்தேன். நவம்பர் மாதம். வருகைப் பதிவேட்டில் திங்கள் அன்று 4 பேர் வரவில்லை. செவ்வாய் அன்று 7 பேர். வியாழன் அன்று 13 பேர். எல்லோரும் ஒரே ஊர்ப் பிள்ளைகள். அது காபிப் பழம் பறிக்கும் காலம். 'அம்மா அப்பாவோடு தோட்டத்துக்குப் போயிருப்பார்கள்' என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை மனசு கேட்காமல் அந்த ஊருக்கு நடந்து போனேன். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்கள். ஒரு சிறுமிக்கு மூச்சு வாங்கியது. அவளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டாள்.

"பாட்டி, முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று அவள் பாட்டியிடம் கேட்டேன்.

"யார் வந்து கேட்டாங்க, டீச்சர்?" என்றார் அந்தப் பாட்டி.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது என்ன காய்ச்சல் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் பரிசோதிக்கவில்லையே! அந்த வாரக் கணக்கில் அந்த ஊர் இல்லவே இல்லை. ஆனால், என் பதிவேட்டில் திங்கள் முதலே அது எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இப்போது கணினி வந்துவிட்டது. ஆனாலும் பாட்டியின் கேள்வி அப்படியே இருக்கிறது. ஒருவர் போய்க் கேட்டால்தான் கணினிக்கும் தெரியும். சாலை இல்லாத ஊருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூலியை இழக்க முடியாத வீட்டுக்கும் யாராவது போக வேண்டும். அவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் அது மாநிலத்தின் கணக்கு.

நீங்கள் என்ன செய்யலாம்?

காய்ச்சலும் இருமலும் இருந்தால் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் ஓய்வெடுங்கள். இருமும்போது முழங்கையை மடித்து வாயை மூடுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தம்பி, தங்கை, தாத்தா, பாட்டிக்கு மூச்சு வாங்கினால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் ஒரே தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல வரவில்லை என்றால், ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. சித்தி கல்யாணத்துக்குப் போய்விட்டு, விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல் காரணமாக' என்று எழுதுகிறீர்களே, அதை விட்டுவிடுங்கள்! 35 ஆண்டுகள் அப்படிப்பட்ட கடிதங்களைப் படித்தவள் நான். கல்யாணம் என்றால் கல்யாணம் என்றே எழுதுங்கள். அப்போதுதான், 'காய்ச்சல்' என்று எழுதும் பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் உடனே கிளம்பிப் போவார்.