மையம் இல்லை என்றால் அதிகாரமும் இல்லையா?

2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்தது அரசு. கையில் போன் இருந்தது, போனில் படம் இருந்தது, அனுப்பத்தான் வழியில்லை. இதைச் சொன்னால் தொழில்நுட்பம் தெரிந்த தோழர்கள் உடனே 'பியர் டு பியர்' என்பார்கள். சர்வரே கிடையாது, கணினியும் கணினியும் நேராகப் பேசிக்கொள்ளும், யாராலும் முடக்க முடியாது என்று. பாதி உண்மை.

1999இல் வந்த நாப்ஸ்டரில் பாட்டுகள் எல்லாம் மக்களின் கணினிகளில்தான் இருந்தன. எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் கம்பெனி சர்வரில். 2001இல் அமெரிக்க நீதிமன்றம் கம்பெனியைப் பிடித்தது, சேவை நின்றது. பாட்டுகள் அப்படியேதான் கிடந்தன. தேடி எடுக்க முடியவில்லை. நிலம் நம் கையில், பதிவேடு அடுத்தவன் கையில் என்றால் என்ன ஆகும் என்று பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிட்டாரன்ட் பிற்பாடு அந்தப் பட்டியலையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பங்கேற்கும் கணினிகளிடமே கொடுத்தது. ஒவ்வொரு துண்டையும் ஹாஷ் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும். கொடுத்தவர் யார் என்று கேட்காது, கொடுத்தது சரியா என்றுதான் பார்க்கும். எனக்குப் பிடித்த விதி அது.

ஆனால் பாட்டு மாறாது, நம் ஆவணம் மாறும். ஒரு வன்கொடுமை குறித்த உண்மை அறியும் அறிக்கையை இரண்டு பேர், இரண்டு ஊரில், இணையம் இல்லாமல் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதியும் சந்திக்கும்போது எது நிற்கும்? பல மென்பொருள்கள் 'கடைசியாக எழுதியவரே வென்றார்' என்று முடித்துவிடும். எது கடைசி? கடிகாரம் சொல்வதுதான். ஒரு போனில் நேரம் தப்பாக முன்னால் ஓடினால் அதுவே ஜெயிக்கும், மற்றவர் பதிந்த வாக்குமூலம் சத்தமில்லாமல் போய்விடும். கடிகாரத்தை நம்பி வரிசை சொல்ல முடியாது என்று லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே எழுதிவிட்டார். யார் யாருடைய எத்தனையாவது திருத்தம் வரை பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணி வைப்பதே சரியான வழி. ஒருவர் திருத்தத்தை மற்றவர் பார்க்கவில்லை என்றால் அது முரண். இரண்டையும் வைத்துக்கொண்டு மனிதர்களைக் கேட்க வேண்டும்.

சிங்க்திங் என்ற இலவச மென்பொருள் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. முரண் வந்தால் பழைய தேதியுள்ள பிரதியை அழிக்காமல் வேறு பெயரில் பக்கத்திலேயே வைக்கிறது. எல்லாவற்றையும் தானே இணைத்துவிடும் சிஆர்டிடி முறையும் இருக்கிறது. எல்லாப் பிரதியும் ஒன்றாகிவிடும் என்பதற்கு அதில் உத்தரவாதம் உண்டு. ஒன்றானது உண்மையா என்பதற்கு இல்லை. சாட்சியங்களுக்கு, முரணை மறைக்கும் கருவியைவிட முரணைக் காட்டும் கருவியே மேல் என்பது என் கருத்து.

இன்னொன்று. சிங்க் என்பது பேக்கப் அல்ல. ஒரு போனைப் பிடுங்கி அதில் உள்ளதை அழித்தால், அந்த அழிப்பும் ஒழுங்காக எல்லாக் கணினிக்கும் போய்ச் சேரும். சிங்க்திங்கில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி உண்டு, ஆனால் நாமாகத்தான் அதை இயக்க வேண்டும். கோப்பைப் பெறும் கணினியில் இயக்குங்கள். அது மற்ற கருவிகளிலிருந்து வரும் மாற்றங்களுக்குத்தான் வேலை செய்யும். ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் இணையமே இல்லாமல் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும் என்பதால், அடுத்த துண்டிப்புக்கு முன்பே ஒருமுறை டேட்டாவை அணைத்துவிட்டு முயன்று பாருங்கள்.