பொம்மைக்கு வலிக்காது, நமக்கு?

அடுத்த வீட்டுப் பெண் நர்ஸிங் படிக்கிறாள். லீவுக்குச் சேரங்கோடு வந்தவள், "பெரியம்மா, நாங்க முதல்ல பொம்மை வயித்தைத்தான் தொட்டுப் பார்த்துப் படிக்கிறோம்!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முதல் பிரசவம்தான் ஞாபகம் வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஏழெட்டு மாணவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக, சில்லென்ற கையால் வயிற்றை அமுக்கினார்கள். "தொடலாமா அம்மா?" என்று ஒருத்தர் கேட்கணுமே! ஏழை உடம்புதானே அவர்களுக்குப் பாடப்புத்தகம்!

பொம்மைப் பாடம் புதுசல்ல, சகோதரிகளே. 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் து குட்ரே என்ற மருத்துவச்சி, துணியும் தோலும் பஞ்சும் வைத்துக் கர்ப்பிணியின் இடுப்பையும் சிசுவையும் செய்தார். 1759இல் அரசரின் உத்தரவு பெற்று, ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். எழுத்து தெரியாவிட்டால் என்ன, கைக்குப் பாடம் ஏறிவிடுமே!

1968இல் அமெரிக்காவில், மயாமியில் 'ஹார்வி' என்ற பொம்மை வந்தது. அதற்கு நாடி துடிக்கும். ஸ்டெதஸ்கோப் வைத்தால் விதவிதமான இருதயக் கோளாறுகளின் சத்தம் கேட்கும். நூறு தடவை கேட்டுப் பழகலாம். தப்பு செய்தாலும் யாருக்கும் வலிக்காது. நம் நாட்டிலும் 2020இல் வந்த விதிப்படி, மருத்துவக் கல்லூரிகளில் இப்படிப் பழகும் கூடம் கட்டாயம். நம்ம ஊட்டியிலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

ஆனால் பொம்மை கூச்சப்படாது, முகம் சுளிக்காது. அதனால்தான் 1963இலேயே லாஸ் ஏஞ்சல்ஸில் பாரோஸ் என்ற டாக்டர், நல்ல உடம்புள்ள ஒருவரை நோயாளி போல நடிக்கப் பழக்கினார். மாணவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை அந்த 'நோயாளி'யே சொல்லலாம்!

நாமும் சொல்லலாமே? மாணவர் வந்தால், "கையைத் தேய்ச்சுச் சூடாக்கிட்டுத் தொடுப்பா" என்று சொல்லுங்கள். துணைக்கு ஒரு பெண் வேண்டுமென்று கேளுங்கள். முடியாவிட்டால், "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. எல்லோரையும் விரட்டிவிடாதீர்கள். பொம்மையிடம் தொடங்கிய பாடம் நம்மிடம்தான் முடியணும்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கொட்டித் தீர்த்தேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தவள், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு கேட்டாள்: "பெரியம்மா, உங்க நாடியைப் பார்க்கலாமா?"

கையை நீட்டினேன்.