கோடையும் மின்சாரச் சிக்கனமும்

இல்லாத பொருளைச் சிக்கனமாய்ச் செலவிடுதல் எவர்க்கும் அரிய செயலன்று. நிறைந்திருப்பதுபோலத் தோன்றும் பொருளை அளவறிந்து செலவிடுதலே அறிவுடையார் செயலாம். குடத்து நீர் குறையுந்தோறும் அக்குறைவைக் கண் காண்கின்றது. அடுக்களையில் அரிசி குறையுங்கால் அளக்கும் கை அதனை உணர்கின்றது. மின்சாரமோ எனின், எவ்வளவு செலவிடினும் குறைவதாக நமக்குப் புலப்படுவதில்லை. சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டியவுடன் விளக்கு எரிகின்றது, விசிறி சுழல்கின்றது. இரண்டு திங்கட்கு ஒருமுறை வரும் கணக்கு ஒன்றே நம் செலவை நமக்கு அறிவிக்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத இச்செலவைக் கோடைக்காலத்திற் குறைத்துக்கொள்ளுதல் இல்லறத்தார் கடமை என்பதும், அக்கடமை எல்லார்க்கும் ஓரளவினதன்று என்பதும் ஈண்டு யான் கூற விழைவன.

நம் நாட்டில் மின்சாரம் பெருகிய வரலாறு நீண்டதன்று. நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டிலும், மேட்டூர் அணையின் நீர்மின் நிலையம் 1937ஆம் ஆண்டிலும் தொழிற்படத் தொடங்கின. அக்காலத்தில் மின்விசிறி செல்வர் மனைக்குரிய ஒரு புதுமை. இன்றோ, எளியவர் இல்லத்தினும் அது சுழல்கின்றது. இது பெரிதும் மகிழத்தக்க மாறுதலே. ஆயினும் தேவை வளர்ந்த விரைவைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம். 2024ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டிற்று. அதே மாதம் 30ஆம் நாள் இந்தியா முழுவதற்கும் வேண்டிய மின்சாரம் 2,50,000 மெகாவாட்டாக உயர்ந்தது. இவ்விரண்டும் வெப்ப அலை வீசிய மே மாதத்திலேயே நிகழ்ந்தன என்பது கருதற்பாலது.

மின்சாரத்தின் இயல்பு ஏனைப் பொருள்களின் இயல்பினின்றும் வேறானது. நெல்லைக் குதிரிற் கொட்டி வைக்கலாம். நீரை ஏரியிற் தேக்கலாம். மின்சாரத்தைப் பெருமளவிற் சேமித்து வைத்தல் இன்றும் எளிதன்று. செலவாகும் அந்த நொடியிலேயே பெரும்பாலும் அஃது உண்டாக்கப்பெறல் வேண்டும். நண்பகலிற் சூரிய ஒளி துணைசெய்கின்றது. ஞாயிறு மறைந்த பின்னரும் வெம்மை தணியாத இரவுகளில் அத்துணை இல்லை. காற்றாலைகட்கு உயிர் தரும் மேல்காற்றோ, கோடையின் கடுமை முதிர்ந்த பின்னரே வலுப்பெறுகின்றது. ஆதலின் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும், ஒடிசாவினின்று கடல் வழியாக வந்து சேரும் கரியும் இரவெல்லாம் எரிகின்றன. எரியும் கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாக மாறுகின்றது. அதிலும் ஒரு பகுதி கம்பிகளின் வழியே வருங்கால் வீணாகின்றது. எனவே வீட்டில் ஒரு யூனிட் மிச்சப்படுத்துவோர் நிலையத்தில் அதனினும் மிகுதியாக மிச்சப்படுத்தியவர் ஆகின்றனர்.

இவையெல்லாம் நூலறிவாற் பெற்றவை. இச்சிக்கனத்தின் பொருளை எனக்கு உள்ளத்திற் பதியுமாறு உணர்த்தியது ஒரு சித்திரை மாதத்து இரவேயாகும். அன்று இரவு பதினொரு மணியளவில் எங்கள் தெருமுனையிலுள்ள டிரான்ஸ்பார்மர் பெரும் ஓசையுடன் பழுதுபட்டது. தெரு முழுவதும் இருளாயிற்று. அனைவரும் வாயிலில் வந்து நின்றோம். அடுத்த வீட்டில் எண்பது வயது கடந்த பாட்டியார் ஒருவர், நோயுற்றுக் கட்டிலிற் கிடந்தார். அவருடைய மகள், பனையோலை விசிறியைக் கொண்டு, கை மாற்றி மாற்றி விடியும்வரை விசிறிக்கொண்டிருந்தார். அவ்வீட்டிலுள்ளது ஒரே விசிறி. மறுநாட் காலை பழுது நீக்க வந்த ஊழியர், "தாங்கக்கூடிய அளவிற்கு மேல் இழுத்துவிட்டீர்கள், ஐயா" என்று மட்டும் கூறினார். அவர் என்னை நோக்கித்தான் கூறினார் என்று எனக்குத் தோன்றிற்று. ஏனெனில், முன்னிரவில் என் வீட்டில் இரண்டு அறைகளில் ஏ.சி. என வழங்கும் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவற்றுள் ஓர் அறையில் ஆள் இல்லை. அந்த அம்மையார் என்னை ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருப்பின் மனம் இத்துணை வருந்தியிராது.

"யான் செலவிடும் மின்சாரத்திற்கு யான் பணம் செலுத்துகின்றேன், பிறர் கேட்பதற்கு யாதுளது?" என்று வினவுவோர் பலர். அன்று வரை யானும் அவருள் ஒருவனே. பணம் யூனிட்டுக்கு விலையாகலாம். தெருவின் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் எல்லார்க்கும் பொதுவானவை. ஊர்க் குளத்தின் ஒரு படித்துறை தனக்கு அண்மையில் உள்ளதென்று ஒருவன் நீர் முழுவதையும் இறைத்துக்கொள்ளுதல் முறையாகுமோ? 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியாவின் மின்தொடர் அறுந்து, இரண்டாம் நாளில் ஏறத்தாழ அறுபது கோடி மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. சிலர் தமக்குரிய அளவிற்கு மேல் எடுத்தமை அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. நாட்டில் நிகழ்ந்த அதுவே சிறிய அளவில் எங்கள் தெருவில் நிகழ்ந்தது.

இனி, செய்யத்தக்கன யாவை எனின், அவை பெரும்பான்மை எளியனவே. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை; காற்றை அசைத்து, உடலின் வியர்வையை விரைவில் உலர்த்துகின்றது. அதனாலேயே நமக்குக் குளிர்ச்சி தோன்றுகின்றது. ஆகவே, ஆளில்லா அறையிற் சுழலும் விசிறியால் யாதொரு பயனும் இல்லை. அதன் மோட்டார் அவ்வறைக்குச் சிறிது வெப்பத்தையே சேர்க்கின்றது. பழைய விசிறி 75 வாட் அளவு மின்சாரம் கொள்ளும், பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி அதே காற்றை ஏறத்தாழ 30 வாட்டில் தரும். 60 வாட் குமிழ்விளக்குத் தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்குத் தருகின்றது, பழைய குமிழோ தான் கொண்ட மின்சாரத்திற் பெரும்பகுதியை வெப்பமாகவே கக்கி, கோடையிற் பகையாகின்றது.

குளிரூட்டியின் செய்தி வேறு. ஒன்றரை டன் பெட்டி முழு வேகத்தில் ஓடுங்கால் ஏறத்தாழ 1,500 வாட் கொள்ளும். அஃதாவது இருபது பழைய விசிறிகள் கொள்ளும் மின்சாரத்தை ஒன்றே கொள்கின்றது. அதனை 18 பாகையில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்துத் துயில்வாரை யான் அறிவேன். ஒரு பாகை உயர்த்தினால் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது இந்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. தரக்குறி பெற்ற பெட்டிகள் 24 பாகையிலேயே இயங்கத் தொடங்குமாறு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் விதி செய்யப்பட்டுள்ளது. நாம் அதனைக் கீழே இறக்காதிருந்தாற் போதும். இருபத்தாறு பாகையில் வைத்து, உடன் ஒரு விசிறியை மெல்லச் சுழலவிட்டால் உறக்கம் நன்கு வரும். மேலும், குளிரூட்டி அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை, வெளியே தள்ளுகின்றது. நம் அறையின் குளிர்ச்சி அண்டை வீட்டுச் சன்னலின் வெம்மை என்பதை மறத்தல் கூடாது.

நம் முன்னோர் வீட்டையே குளிர்ச்சியாக அமைத்தனர். முற்றமும், திண்ணையும், சுண்ணாம்பு பூசிய தளமும், சன்னலில் நனைத்துத் தொங்கவிட்ட வெட்டிவேர்த் தட்டியும் அவர்க்கு மின்சாரமின்றியே துணைசெய்தன. இன்றைய கான்கிரீட்டுத் தளம் பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவெல்லாம் அதனை அறைக்குள் உமிழ்கின்றது. தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பப்படும். மேற்குச் சன்னலுக்கு உள்ளே திரையிடுதலினும் வெளியே தட்டியிடுதல் சிறந்தது. வெப்பம் கண்ணாடியைக் கடக்கு முன்னரே தடுக்கப்படுகின்றதன்றோ? துணி தேய்த்தல், மோட்டாரால் நீர் ஏற்றுதல் முதலியவற்றைக் காலையிற் முடித்துக்கொள்ளுதல் இரவின் சுமையைக் குறைக்கும்.

இங்கு ஒன்று அழுத்திக் கூறல் வேண்டும். சிக்கனம் என்னும் அறவுரையை யாருக்கு உரைப்பது என்பதை நாம் முதலில் தெளிதல் வேண்டும். தகரக் கூரையின் கீழ் ஒரே விசிறியின் காற்றில் நான்கு பேர் படுத்துறங்கும் இல்லத்தில் அவ்வுரை நகைப்பிற்கிடமாகும். அவர்கள் மிச்சப்படுத்த யாதும் இல்லை. அவர்க்கு மின்சாரம் இன்னும் சிறிது மிகுதியாகவே வேண்டும். முதியோர், பச்சிளங் குழந்தைகள், நோயாளர் ஆகியோர்க்கு வெப்ப அலை உயிர்க்கு ஊறு விளைப்பது. அவர்கள் அறையின் விசிறியை நிறுத்திக் கட்டணம் குறைந்தது என்று மகிழ்தல் சிக்கனமன்று, கொடுமையாம். மிகுதியாக உடையோர் தம் மிகுதியைக் குறைத்துக்கொள்ளுதலே யான் கூறும் சிக்கனம்.

அரசினர் நிலையங்களைப் பெருக்கட்டும், வலிய கம்பிகளை அமைக்கட்டும் என்பார் கூற்றிலும் உண்மையுண்டு. தெருவில் தேவை வளர்வதை முன்னறிந்து டிரான்ஸ்பார்மரின் வலிமையை உயர்த்துதல் அவர் கடமையே. அதனைக் கேட்டுப் பெறுதல் நம் உரிமையே. ஆயினும் புதிய நிலையம் எழப் பல ஆண்டுகள் செல்லும். சுவிட்சை அணைக்க ஒரு நொடி போதும்.

மாணவ நண்பர்காள்! விடுதி அறையை விட்டு வகுப்பிற்கு விரையும்போது தலைக்கு மேலே சுழல்வதை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். விடுமுறைக்கு இல்லம் சென்றதும், ஆளில்லா அறைகள் எத்தனையில் மின்சாரம் ஓடுகின்றது என்று ஓர் இரவு எண்ணிப் பாருங்கள். யான் எண்ணிய அன்று நாணினேன். இப்போது இரவில் அடுத்த வீட்டுச் சன்னல் வழியே அந்த ஒற்றை விசிறியின் ஓசை கேட்கும்போதெல்லாம், என் வீட்டில் அணைந்து கிடக்கும் சுவிட்சுகள் எனக்கு மனநிறைவு தருகின்றன.